உடைந்த குடைகளுக்கு ஒரு பொன்னாடை

வாயிலில் சோதனைக்கு நின்ற பெண் என் கைப்பையைத் திறந்தாள். உள்ளே இருந்த பெட்டியைத் திறந்தாள். பெட்டிக்குள் மடித்திருந்த தாளையும் விலக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அன்ரி, உது பொன்னாடையெல்லே?”

ரொறன்ரோ ஏரிக்கரையில் திறந்தவெளி அரங்கு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஸ்பானிய மொழியில் கத்திக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சனத்துக்குள் என் பையைச் சோதிக்க வாய்த்தவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. என் ராசி அப்படி.

“ஓம் பிள்ளை.”

“ஆருக்கு?”

“பாடுறவருக்கு.”

“அன்ரி, இது றொக் கொன்சேட்.”

“றொக் எண்டால் என்னம்மா? பாடுறவன் பாடுறவன்தானே.”

அவள் பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். போத்தல் கூடாது, தடி கூடாது, குடை கூடாது. பொன்னாடை கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மரிசோல் “கெதியா, கெதியா” என்று என் முதுகில் குத்திக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் அது ஒன்றுதான்.

“ஒண்டு மட்டும் சொல்லுறன் அன்ரி. ஸ்ரேஜில ஏறப் பாக்காதேங்கோ.”

“நான் ஏனம்மா ஏறுறன்? அவையளே பேர் சொல்லிக் கூப்பிடுவினம்.”

அந்தப் பிள்ளை பெட்டியை மூடி, மிகுந்த மரியாதையோடு என் பைக்குள் வைத்தாள். சிரிப்பை அடக்குவதற்காக அவள் பட்ட பாட்டை நான் கவனிக்காதது போல உள்ளே நடந்தேன்.

ஒரு வரியில் அடங்காதவள்

இந்தத் தொடரில் பேக்கரியைப் பற்றி எழுதிய வாரத்தில், “மரிசோல் என்றொருத்தி பெல்ட்டின் மறுபக்கம் நிற்பாள்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்து, “ஆர் அந்த மரிசோல்? நீர் எதையோ ஒளிக்கிறீர்” என்றார். ஒளிக்கவில்லை. ஒரு வரியில் அவள் அடங்கமாட்டாள் என்பதால் தள்ளி வைத்திருந்தேன்.

மரிசோல் எல் சல்வடோர்க்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைவிட ஒரு சாண் கட்டை. ஸ்காபரோவில் நாங்கள் வேலை செய்யும் பேக்கரியில், பெல்ட்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் பாண். இரண்டு பேருக்கும் தலையில் வலை, கையில் உறை, மூக்கு நுனியில் மா. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அடுப்புச் சூட்டில் மயங்கப் பார்த்தபோது, என் வாய்க்குள் ஒரு மிட்டாயைத் திணித்தவள் அவள்தான்.

நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தை வேறு யாரும் விளங்கிக்கொள்ள முடியாது. எங்கள் சூப்பவைசரே, “நீங்கள் இருவரும் பேசுவது எந்த மொழி?” என்று கேட்டிருக்கிறார். இங்கே அவள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் அந்த ஆங்கிலத்தின் தமிழ்.

எங்கள் பகுதியில் தட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. பாட்டு விஷயத்தில் தொடக்கத்தில் பெரிய சண்டை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். செவ்வாய், வியாழன் தமிழ்ப் பாட்டு. திங்கள், புதன், வெள்ளி அவளுடைய பாட்டு. அவளுக்கு ஒரு நாள் கூட, ஏனென்றால் பெட்டி அவளுடையது.

அவளுடைய நாட்களில் பெட்டிக்குள் போனது ஒரே ஒரு குழுவின் பாட்டுகள்தான். லோஸ் பராகுவாஸ் ரோத்தோஸ். தமிழில் சொன்னால், உடைந்த குடைகள்.

குடைகள் உடைந்த கதை

இந்தக் குழுவின் வரலாற்றை எனக்கு மரிசோல் பெல்ட்டுக்கு மேலால் கத்திக் கத்திச் சொன்னாள். அதனால் நான் சொல்வதில் பிழை இருந்தால், பாதிப் பிழை பேக்கரி இரைச்சலுடையது.

மெக்சிக்கோவில் ஒரு தொழிற்சாலை நகரம். பஸ் திருத்தும் பட்டறையில் வேலை செய்த ஐந்து பொடியன்கள். பாடகன் நாச்சோ. கடையில் விற்கும் சோளச் சிப்ஸ் நினைவுக்கு வந்தால் அது அவன் குற்றமில்லை, வீட்டில் கூப்பிடும் பெயர் அது. அவனுடைய அண்ணன் தாமியான் பேஸ் கிற்றார். முதல் மேளக்காரனுக்கு மேளம் இல்லாததால் பெயின்ற் வாளிகளில் அடித்தான். பிறந்தநாள் வீடு, ஞானஸ்நான வீடு, கலியாண வீடு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய், சாப்பாட்டுக்காகப் பாடினார்கள்.

அவர்களுடைய முதலாவது திறந்தவெளிக் கச்சேரியில் மழை கொட்டியது. வந்திருந்த கொஞ்சப் பேர் குடை விரித்தார்கள். காற்று அடித்து ஒவ்வொரு குடையாக முறித்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கம்பி நீட்டிக்கொண்டிருந்த குடைகளைப் பிடித்தபடி, நனைந்து நனைந்து கடைசிப் பாட்டு வரை நின்றார்கள். அன்றைக்குக் குழுவுக்குப் பெயர் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர்கள் ஏறின உயரம் கொஞ்சமல்ல. பட்டறைப் பொடியன்கள் விளையாட்டு மைதானங்களை நிரப்பினார்கள். அவர்கள் எங்கே போனாலும் இரசிகர்கள் உடைந்த குடையோடு வருவார்கள். நல்ல குடையோடு வருபவரை மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்களாம்.

அவர்களுடைய பாட்டுகளில் ஒன்று, ‘எனக்கொரு இருக்கை பிடித்து வை.’ கடைசிப் பஸ்ஸில் வரப்போகிற ஒருத்திக்காக, பக்கத்து இருக்கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் பொய் சொல்லும் ஒருவனுடைய பாட்டு. எழுதியவன் அண்ணன் தாமியான், பாடியவன் தம்பி நாச்சோ.

முதல் முறை மரிசோல் அதன் பொருளைச் சொன்னபோது எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் விழா மண்டபங்களில் நாங்கள் செய்வதும் அதுதானே? ஒரு கைப்பை, ஒரு குளிராடை, ஒரு பிள்ளையின் சப்பாத்து என்று வைத்து ஒரு வரிசை முழுக்கப் பிடித்துவிட்டு, “ஆக்கள் வருகினம்” என்று பொய் சொல்லாத தமிழர் ரொறன்ரோவில் யார் இருக்கிறார்கள்?

வெறுமையாகக் கிடந்த இருக்கை

குடைகள் முதல்முறை இந்த நகரத்துக்கு வந்தபோது என் வயிற்றில் மகள் ஆரணி இருந்தாள். அவள் வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மரிசோல் ரிக்கற்றை ஒரு மாதமாகத் தன் தலைவலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். பையில் வைத்தால் தொலைந்துவிடுமாம். கச்சேரி நாளில் ஒரு பழைய கறுப்புக் குடையோடு வேலைக்கு வந்து, அதன் கம்பிகளைச் சாப்பாட்டறையில் வைத்து ஆசையோடு முறித்தாள். மூன்று மணிக்கு வேலை முடியும். நேரே கச்சேரிக்குப் போவதென்று திட்டம்.

இரண்டரை மணிக்கு, பாண் தட்டுகளுக்கு நடுவில், எனக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது.

இவர், என் கணவர், அப்போது பார ஊர்தி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மொன்றியல் பக்கம். எனக்கு இந்த நாட்டில் வேறு சொந்தம் கிடையாது. மரிசோல் மாப் பூசின சப்பாத்தோடு என்னை ராக்சியில் ஏற்றினாள். குடையும் கூடவே வந்தது.

“நீ போ, உனக்குக் கச்சேரி” என்று நான் ஒரு முறை சொன்னேன். அடுத்த வலி வந்ததும் அவளுடைய கையைப் பிடித்தேன். பிறகு விடவில்லை. விட்டிருந்தால் அவள் போயிருப்பாளோ என்னவோ, நான் விடவில்லை. அதுதான் உண்மை.

வலி கூடக் கூட நான் ஊரையே கூட்டுகிற மாதிரிக் கத்தினேன். மரிசோலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடத் தொடங்கினாள். அதே பாட்டு, ‘எனக்கொரு இருக்கை பிடித்து வை.’ அவளுடைய குரலை நான் என்ன சொல்வது? நல்ல மனசு. அவ்வளவுதான்.

“உந்தப் பாட்டை நிப்பாட்டடி, விசரி!” என்று தமிழில் கத்தினேன். அவள் இன்னும் உரத்துப் பாடினாள். தாதி கட்டில் கம்பியில் தாளம் போட்டாள். எத்தனையாவது தடவையோ பல்லவி வந்தபோது ஆரணி பிறந்தாள்.

அன்று இரவு நகரத்தின் மறுகரையில், குடைகள் அந்தப் பாட்டைக் கடைசியாகப் பாடினார்களாம். மண்டபமே அழுததாம். மரிசோலின் இருக்கை மட்டும் வெறுமையாகக் கிடந்திருக்கும். பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து நான் திரும்பிய திங்கட்கிழமை அவள் எதுவும் நடக்காதது போல வந்து பெல்ட்டின் மறுபக்கம் நின்றாள். நான்தான் அவளுடைய முகத்தைப் பார்க்கக் கூசினேன்.

“அடுத்த முறை வருவாங்கள்” என்றேன்.

அடுத்த முறை வரவில்லை. இரண்டு வருடத்தில் குழு உடைந்தது. ஊர் ஊராகப் போகும் வான் வண்டியில் முன் இருக்கையில் யார் இருப்பது என்று அண்ணனும் தம்பியும் போட்ட சண்டைதான் காரணம் என்பது மரிசோலின் முடிவு. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். தம்பி தனியாகப் பாடித் திரிந்தான். அண்ணனுடைய பாட்டை மட்டும் வாயால் எடுக்கமாட்டேன் என்றுவிட்டான்.

இவருடைய அலுமாரி

போன குளிர்காலத்தில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்த படம் மரிசோலின் கைபேசிக்கு வந்தது. அவள் போட்ட சத்தத்தில் சூப்பவைசர் பெல்ட்டை நிறுத்திவிட்டார், யாரோ கையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து.

கோடையில் ரொறன்ரோ வருகிறார்கள். ஆரணிதான் இரண்டு ரிக்கற் எடுத்துத் தந்தாள். “நான் பிறந்ததாலதானே அன்ரி மிஸ் பண்ணினவா. இட்ஸ் ஒன் மீ” என்றாள். பிள்ளையை வளர்த்தது வீண்போகவில்லை என்று நான் அன்றைக்குத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஆனால் ஒரு சிக்கல். சேர்ந்த பிறகு அவர்கள் பாடின ஊர்கள் எல்லாவற்றிலும், என்னென்ன பாட்டுப் பாடினார்கள் என்று மரிசோல் தினமும் தேடிப் பார்த்தாள். ஓர் ஊரிலும் அந்தப் பாட்டு இல்லை. கட்டிப்பிடித்தார்களே தவிர, அதை மட்டும் இன்னும் தொடவில்லை.

“பரவாயில்லை” என்றாள். அவள் பரவாயில்லை என்றால் பரவாயிருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு காலம் எதிரே நின்ற எனக்குத் தெரியாதா? நேரில், அந்த வாயால், அந்தப் பாட்டை மரிசோல் ஒருமுறை கேட்க வேண்டும். அவள் கேட்காமல் போனது என்னால். எனக்கு அந்தக் கோடை முழுக்க வேறு யோசனை இல்லை.

பொன்னாடை யோசனை எனக்குக் கச்சேரி நாள் காலையில் வந்தது. இவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு நீண்டகாலச் செயலாளர். ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் நாங்கள் வாங்கின வீட்டில் உடுப்பு வைக்க இடமில்லை, ஓர் அலுமாரி முழுக்கப் பொன்னாடை. இவருக்குப் போர்த்தினவை, இவர் போர்த்த வைத்திருப்பவை, போர்த்தினதை வாங்கித் திரும்பவும் போர்த்தக் காத்திருப்பவை. எங்கள் விழாக்களில் பாடினவர், பேசினவர், மைக் பூட்டினவர், மண்டபத்துக்கு வழி சொன்னவர் என்று யாரும் வெறும் தோளோடு வீட்டுக்குப் போக முடியாது.

இருப்பதில் வடிவானதாக, பெட்டியில் தனியாக இருந்ததை எடுத்தேன். மரகதப் பச்சை, ஒரு சாண் சரிகை.

“அம்மா, நோ. ப்ளீஸ்” என்றாள் ஆரணி. “ஆரும் வீடியோ எடுத்தால் நான் வேலைக்குப் போகேலாது.”

“அவையள் எவ்வளவு தூரத்தில இருந்து வந்து பாடுகினம். வெறுங்கையோட போறதே?”

கச்சேரி ஆறு மணி என்று போட்டிருந்தது. ஆறு மணி என்றால் வீட்டிலிருந்து ஆறு மணிக்கு வெளிக்கிடுவதுதான் என் வழக்கம். மரிசோல் பன்னிரண்டு மணிக்கே வாசலில் வந்து நின்றாள். அக்குளில் அதே கறுப்புக் குடை.

தாலிக்கொடி ஆடிய மாலை

வாயிலில் குடையைப் பறித்துப் போடும் தொட்டி மலையாகக் குவிந்திருந்தது. ஆனால் இந்தச் சனத்தை ஒன்றும் செய்ய முடியாது. எல்லோரும் கம்பியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, துணியை மட்டும் கிழித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். மரிசோலும் பல்லால் நூலைக் கடித்து, இத்தனை வருடம் வைத்திருந்த குடையின் துணியை உரித்தெடுத்தாள்.

இருக்கை இல்லாத பகுதி. மேடையிலிருந்து மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டோம். பழக்க தோஷத்தில் நான் பக்கத்தில் என் கைப்பையை நிலத்தில் வைத்து இடம் பிடிக்கப் பார்த்தேன். “யாருக்கு?” என்றாள் மரிசோல். யாருக்கும் இல்லைதான்.

முன்னால் பெரிய மீசையோடு ஓர் உயரமான மனிதர். எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டு, கச்சேரி முடியும் வரை குனிந்தே நின்றார். நான் முழங்காலுக்குத் தைலம் பூசியதைப் பார்த்து அவரும் கையை நீட்டினார். அந்தச் சிறு சிமிழ் எங்கள் வரிசை முழுக்கச் சுற்றி வந்தது. எங்களைச் சுற்றி மட்டும் ரொறன்ரோ ஏரிக்காற்றில் வேப்பெண்ணெய் மணத்தது.

பிறகு மேளம் விழுந்தது.

வாசகர்களே, நான் நிறையக் கச்சேரிக்குப் போயிருக்கிறேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இடைவேளையில் கட்லற் சாப்பிடும் கச்சேரிகள். இது வேறு. பேஸ் கிற்றாரின் அதிர்வில் என் தாலிக்கொடி தனியாக ஆடியது. பிறகு நானும் ஆடினேன். கலியாண வீடுகளில் ஓரத்தில் நின்று கைதட்டுகிற நான், அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கி, பெயர் தெரியாத மனிதர்களின் தோளில் இடித்து இடித்துக் குதித்தேன். எனக்கு வெட்கமாகவே இல்லை. அது எனக்கே புதினமாக இருந்தது.

நாச்சோவுக்கு இப்போது தலையில் மயிர் இல்லை. வயிறு இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் வானொலிப் பெட்டியில் கேட்ட அதே பொடியன். தாமியான் மேடையின் மற்ற ஓரத்தில், தம்பியைப் பார்க்காமல் வாசித்துக்கொண்டிருந்தான். எனக்கு மற்றப் பாட்டுகளின் பொருள் தெரியாது, ஆனால் சொற்கள் எல்லாம் பாடம். திங்கள், புதன், வெள்ளி கேட்டால் யாருக்கும் பாடமாகும்.

ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது நான் மரிசோலின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் ஆடினாள். ஆனால் அது இல்லை.

ஏரிக்கு மேல் வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே ஐந்து பேரும் தோளில் கை போட்டு வரிசையாக நின்று குனிந்தார்கள். முடிந்துவிட்டது. சனம் கத்தியது. அந்தப் பாட்டு வரவில்லை.

மரிசோல் கழுத்திலிருந்த குடைத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்தாள். “பரவாயில்லை” என்றாள்.

அவள் அதை மடித்த விதத்தை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஆனால் கோபத்திலும் ஒன்று தெரிந்தது: கச்சேரி முடிகிறது, பாடினவன் வெறும் தோளோடு போகிறான், யாரும் என் பெயரைக் கூப்பிடவும் இல்லை. பெட்டியைத் திறந்தேன். மீசைக்காரரின் முதுகில் தட்டி, பொன்னாடையைக் கொடுத்து, மேடையைக் காட்டினேன்.

அவர் அதை முன்னால் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் வேலியருகே இருந்த பெண்ணிடம் கொடுத்தார். கறுப்புத் துணிகளுக்கு மேலால் மரகதப் பச்சை கைமாறிக் கைமாறிப் போய், மேடையின் விளிம்பில் விழுந்தது. கைமாறுவது பொன்னாடைக்குப் பழக்கம்தானே.

நாச்சோ குனிந்து எடுத்தான். விரித்துப் பார்த்தான். பிறகு அதால் தன் முகத்தையும் மொட்டைத் தலையையும் அழுத்தித் துடைத்தான்.

“ஐயோ! அது துவாய் இல்லையடா!” என்று நான் அலறினேன்.

நான் அலறியதின் பொருளை என் முகத்தில் பிடித்த மரிசோல் அதையே ஸ்பானியத்தில் அலறினாள். கட்டையான உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்குப் பிரசவ அறைக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி தெரிந்தது. நாச்சோ தேடிப் பார்த்தான். மீசைக்காரர் அவளை இடுப்பில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

பிரதம விருந்தினர்

அதற்குப் பிறகு நடந்த பேச்சு முழுவதும் ஸ்பானியம். மரிசோல் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“துவாய் இல்லை என்றால் என்ன?” என்று மைக்கில் கேட்டான் நாச்சோ.

“இதோ இந்தப் பெண்ணுடைய சனங்கள், பாடி முடித்தவருக்கு அதைப் போர்த்துவார்கள். மரியாதை!”

“அப்படியானால் நன்றி” என்று அவன் போர்த்தப் போனான்.

“வை கீழே!” என்றாள் மரிசோல். “நீ இன்னும் பாடவில்லை!”

சனம் சிரித்தது. அவனும் சிரித்தான். “அம்மா, இரண்டு மணித்தியாலமாக நான் என்ன செய்தேன்?”

“எனக்குரியதைப் பாடவில்லை. உன் அண்ணனுடையதை!”

சிரிப்பு நின்றது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவ்வளவு சனம் ஒரே நேரத்தில் வாயை மூடினால் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். நாச்சோ கையில் பொன்னாடையோடு நின்றான். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

தாமியான்தான் தொடங்கினான். நாலே நாலு சுரம். ஆரணி பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த நாலு சுரம்.

சனம் எழுப்பிய சத்தத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. கழற்றி மடித்த குடைத் துணிகள் எல்லாம் திரும்ப மேலே போயின. நாச்சோ முதல் இரண்டு வரியைப் பாடவில்லை, பாட முடியவில்லை. சனம்தான் பாடியது. மூன்றாவது வரியில் வந்து சேர்ந்தான். மரிசோல் மீசைக்காரரின் தோளில் இருந்தபடி, வாயை மூடிக்கொண்டு கேட்டாள். என் வாழ்க்கையில் அவள் அந்தப் பாட்டுக்கு வாயை மூடி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். கண்ணீர் அவளுடைய நாடியால் ஒழுகி மீசைக்காரரின் தலையில் விழுந்தது. நான் அழுதேன், சிரித்தேன், விக்கினேன், எல்லாம் சேர்த்து.

பாட்டு முடிந்தது. தாமியான் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு வந்து, தம்பியின் கையிலிருந்த பொன்னாடையை வாங்கி, இரண்டு கையாலும் விரித்து, அவனுடைய தோளில் போர்த்தினான். பின்னால் இருந்த பெரிய திரையில் அது வீடு அளவுக்குத் தெரிந்தது. மரகதப் பச்சை, ஒரு சாண் சரிகை. சரிகையின் ஓரத்தில், குண்டூசியால் குத்தின ஒரு சிறிய கடதாசி. கடதாசியில் இவருடைய கையெழுத்து.

‘பிரதம விருந்தினர்.’

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் ஆண்டு விழா என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்ரீற்காரில் வந்த வழக்கு

நாங்கள் ஏறின ஸ்ரீற்கார், அதுதான் தெருவில் ஓடும் ராம் வண்டி, ஏரிக்கரையைத் தாண்டவில்லை, கைபேசி அடித்தது. இவர்.

“இஞ்சரும், ஆரணி ஒரு வீடியோ காட்டினவள். ஆர் உவன்? உவன்ரை தோளில ஏன் என்ரை எழுத்துக் கிடக்குது? உமக்கு விசரோ?”

“ஓமப்பா” என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு குரல் தணிந்து வந்தது. “போத்தினவன் ஆர்?”

“அவன்ரை தமையன்.”

“வடிவாத்தான் போத்தினவன். எங்கட ஆக்களுக்கே உந்தளவு நேரா விரிக்கத் தெரியாது” என்றுவிட்டு வைத்துவிட்டார்.

(அடுத்த நாள் விருந்தினருக்கு அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்துப் போர்த்தினார்கள். அது போன வருடம் அவரே இவருக்குப் போர்த்தினதாம். அவர் தடவிப் பார்த்து, நல்ல துணி என்று பாராட்டினார்.)

மரிசோல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது, அதில் குடைத் துணியை வைத்திருந்தாள். இவ்வளவு வருடம் சொல்லாததை நான் அப்போது சொன்னேன்.

“மரிசோல், அண்டைக்கு நான் உன்ரை கையை விட்டிருக்கலாம். என்னாலைதான் நீ கச்சேரியைத் தவறவிட்டாய்.”

எங்கள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். திரும்பவும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். உண்மையான கோபம்.

“தவறவிட்டேனா? அன்றைக்குக் கச்சேரி செய்ததே நான். நீ மட்டும்தான் சனம். மேளத்துக்குத் தாதி. மணிக்கணக்கில் பாடினேன். நீ என்னைத் திட்டினாய். எனக்கு விளங்காது என்று நினைத்தாயா? ஒருவரும் கைதட்டவில்லை. இன்றைக்கு அந்த மொட்டையன் ஒரு பாட்டுப் பாடினான், அவனுக்குப் பொன் துணி போர்த்தினாய்.” நெஞ்சில் விரலால் குத்திக்கொண்டாள். “எனக்கு எங்கே?”

ஸ்ரீற்காரில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா நோவெடுத்துவிட்டது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடியே இருந்தாள்.

ஒரு வருடம் சங்கத்துக்குச் சமைத்த பெண்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என் வாழ்நாளில் எனக்கென்று போர்த்தப்பட்ட பொன்னாடை அது ஒன்றுதான். இவருடைய அலுமாரியில் கலந்துவிடாமல் என் சேலைகளுக்குள் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அதை வேலைக்குக் கொண்டு போனேன்.

சாப்பாட்டறையில், மற்றப் பெண்கள் கோப்பிக் கோப்பையோடு நிற்க, முறைப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலையில் வலையோடு மரிசோல் எழுந்து வந்தாள். இரண்டு கையாலும் விரித்துப் போர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுக்கும்போது, இவருடைய அல்பத்தில் பார்த்தது போல அவளும் கைகூப்பி நின்றாள்.

பிறகு கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு, பொன்னாடையோடு பெல்ட்டடிக்குப் போய்த் தன் இடத்தில் நின்றாள். சூப்பவைசர் ஓடி வந்தார்.

“மரிசோல், இது என்ன?”

அவள் பெல்ட்டுக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு, தோளில் சரிகையைச் சரிசெய்துகொண்டு அவரிடம் சொன்னாள்.

“நான் பாடினேன்.”